வாசிக்காமல் விட்ட அடுத்த தீர்மானம்

எங்கள் ஊரில் மார்ச் மாதத்து முதல் செவ்வாயன்று பிள்ளைகளுக்கு விடுமுறை. பெரியவர்கள்தான் பள்ளிக்கூடம் போவோம். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மடக்கு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்து, வரும் வருடம் பள்ளிக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று கையைத் தூக்கி முடிவு செய்வோம். அமெரிக்காவின் வெர்மான்ட் மலைகளில் சின்ன ஊர்களின் வழக்கம் இது. உங்களுக்கு விசித்திரமாகப் படலாம். எங்களுக்கு அது பண்டிகை மாதிரி. சண்டையும் உண்டு, சாப்பாடும் உண்டு.

நான் சொல்லப்போகிற வருடத்தில் பண்டிகைக் களை இல்லை. இரண்டே ஆசிரியைகள் இருந்த அந்தப் பள்ளியை நடத்துவதற்கான பட்ஜெட் ஏறிவிட்டது, அதோடு எல்லோருடைய வீட்டு வரியும் ஏறும். பட்ஜெட் தோற்றால் பள்ளியைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக் கணவாய்க்கு அந்தப்பக்கம் உள்ள ஊருக்கு அனுப்புவோம் என்று பள்ளிக் குழு முன்பே சொல்லியிருந்தது.

அந்தக் கணவாய்ச் சாலையை அறவே வெறுத்தவள் லுசெட் பெரோ. அவளுடைய மகள் மிரேய்க்கு ஆறு வயது. சாலையின் உச்சியில் ஒரு வளைவு இருக்கிறது, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. குளிர்காலத்துக்கு ஒரு வண்டியாவது அங்கே கீழே போகும். முந்தைய வருடம் பால் லாரி போயிற்று. எங்கள் ஊர்த் தீயணைப்புப் படையில் சம்பளமில்லாமல் வேலை செய்கிறவள் லுசெட். அந்த ஓட்டுநரை மேலே இழுத்தபோது கயிறு பிடித்தவர்களில் அவளும் ஒருத்தி. மேலே வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

"என் பொண்ணை அந்த வழியா அனுப்ப மாட்டேன்" என்று குளிர்காலம் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். ஆள் சேர்த்தாள். கூட்டத்தன்று சமையலறைப் பொறுப்பையும் அவளே எடுத்துக்கொண்டாள். நானும் அவளோடு வெங்காயம் நறுக்கினேன்.

காலையில் கேள்விகள் நடந்தன. கூட்டத்தலைவர் அமோஸ் ட்வைனிங். ஒல்லியான மனிதர், கறாரானவர், அவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும், ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசக் கூடாது.

"ஹீட்டர் எண்ணெய்க்கு இவ்வளவா?" என்றார் ரஸ்ஸல் டகெட். "பிள்ளைங்களைப் படிக்க வைக்கிறீங்களா, வறுக்கிறீங்களா?"

"ரஸ்ஸல், இது கேள்வியா, பிரசங்கமா?" என்றார் அமோஸ்.

"கேள்விதான் தலைவரே. கடைசியில கேள்விக்குறி போட்டேனே!"

கூடம் சிரித்தது. கோரா டீச்சர் எழுந்து, கொதிகலன் பழையது, எண்ணெய் விலை ஏறியிருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். பாட்டு வாத்தியார் எதற்கு என்று ஒருவர் கேட்டார். பிள்ளைகள் இவ்வளவு குறைந்த பிறகும் இரண்டு ஆசிரியைகள் எதற்கு என்று இன்னொருவர். எல்லாம் எதிர்பார்த்த கேள்விகள்தான். எதிர்பாராதது, ஹார்லன் கீத் வாயைத் திறக்காமல் இருந்தது.

ஹார்லனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. மேட்டுப் பண்ணையில் தனியாக இருந்தவர். மாடுகளை விற்றாகிவிட்டது, நிலம் மட்டும் மிச்சம், அந்த நிலத்தை வரி தின்றுகொண்டிருந்தது. வருடா வருடம் முதலில் எழுந்து பட்ஜெட்டைப் பிய்த்தெறிகிறவர் அவர்தான். அன்று கடைசி வரிசையில் தன்னைப் போன்ற வயசாளிகளோடு உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் கவிழ்த்துவைத்து, புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓட்டெடுப்பு வந்தது. லுசெட் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்து கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன். ஆதரவுக் கைகள் காடு மாதிரி எழுந்தன. அவற்றில் ஹார்லனின் கையும் இருந்தது.

லுசெட் என் விலாவில் இடித்தாள். "பார்த்தீங்களா? ஹார்லன்! நம்ம பக்கம்!" அவள் கண் கலங்கிவிட்டது. "மனுஷனைத் தப்பா நெனச்சுட்டேனே."

எனக்கு மட்டும் முதுகில் ஏதோ குளிர்ந்தது. கதவைத் திறந்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கேதான் அந்த வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒரு தீர்மானம் ஜெயித்த உடனே முடிந்துபோவதில்லை. தலைவர் அடுத்த தீர்மானத்தை வாசிக்கிற வரையில், ஜெயித்த பக்கம் கை தூக்கிய யாரும் எழுந்து, அந்த ஓட்டைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். அடுத்ததை வாசித்துவிட்டால் முடிந்தது. அதனால் பள்ளி பட்ஜெட் ஜெயித்ததும் யாராவது ஒருவர், "வாசிங்க அமோஸ்!" என்று கத்துவார். அவர் வாசிப்பார். அதற்குப் பெயர் பூட்டுப் போடுவது. பிறகுதான் சாப்பாடு.

அன்று வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது. சமையலறையில் பட்டாணி சூப் கொதித்து அடிப்பிடிக்கிற பதத்தில் இருந்தது.

அமோஸ் தாளைக் கையில் எடுத்தார். "அடுத்தது, சாலைக்கு மணல் போடுற லாரி வாங்குறது. இதை வாசிச்சிட்டு..."

"ஐயோ அமோஸ், லாரியா!" என்று லுசெட் கத்தினாள். "அதை வாசிச்சா ஆம்பளைங்க சாயங்காலம் வரைக்கும் டயர் பத்திப் பேசுவீங்க. என் சூப் ஆறிடும். முதல்ல சாப்பிடுங்க!"

கூடம் கைதட்டியது. அமோஸ் ஒரு நொடி தயங்கினார். அவர் பார்வை கடைசி வரிசைக்குப் போனதை நான் கவனித்தேன். பிறகு சுத்தியலைத் தட்டினார். "சமையல்காரம்மா சொன்னா மேல்முறையீடு கிடையாது."

எல்லோரும் தட்டோடு வரிசையில் நின்றார்கள். கடைசி வரிசை எழவில்லை. லுசெட் ஒரு கிண்ணம் சூப்பைத் தானே கொண்டுபோய் ஹார்லனிடம் நீட்டினாள்.

"உங்களுக்குன்னு பன்றிக்கறி நிறைய போட்டிருக்கேன் ஹார்லன்."

"வேண்டாம்மா. சாண்ட்விச் கொண்டுவந்திருக்கேன்." பக்கத்தில் இருந்தவர்களும் மடியில் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அந்த வரிசை முழுக்க வீட்டிலிருந்தே சாப்பாடு கொண்டுவந்திருந்தது. சர்ச் விருந்தானாலும் சாவு வீட்டு விருந்தானாலும் இலவச சூப்பை விட்டுக்கொடுத்த மனிதர்கள் இல்லை அவர்கள்.

சாப்பிட்டு முடித்ததும், பனி வலுக்கிறதே என்று பிள்ளைகள் உள்ளவர்கள் கிளம்பினார்கள். ஜெயித்துவிட்டோமே, லாரிக்கு யார் உட்கார்ந்திருப்பது? லுசெட்டின் பக்கத்து வீட்டு ஜோஸ்லின் தன் மகனோடு மிரேயையும் காரில் ஏற்றிக்கொண்டாள். "நீ பாத்திரத்தைக் கழுவிட்டு வா. பொண்ணு என்கிட்ட இருக்கட்டும்." அவர்கள் வீடுகள் கணவாய்ச் சாலையில், வளைவுக்குச் சற்று முன்னால் இருந்தன. வளைவைத் தாண்டி மார்க்கம் குடும்பத்தைப் போலச் சிலர் இருந்தார்கள்.

நாங்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தோம். குழாய்ச் சத்தத்தில் சுத்தியல் தட்டியது கேட்கவில்லை. கோரா டீச்சர் கதவில் வந்து நின்றார். முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது.

"லுசெட், குழாயை மூடு. ஹார்லன் எழுந்து நிக்கிறார்."

கூடத்தில் பாதி நாற்காலி காலி. ஹார்லன் தொப்பியைக் கையில் பிடித்தபடி அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தார். "தலைவரே, காலையில நான் ஆதரிச்சுத்தான் கை தூக்கினேன். நீங்களே பார்த்தீங்க. ஜெயிச்ச பக்கத்து ஆள்ங்கிற முறையில கேக்குறேன், அந்த ஓட்டைத் திரும்ப எடுக்கணும்."

அமோஸ் கையிலிருந்த தாளைப் பார்த்தார், வாசிக்காமல் விட்ட அந்தத் தாளை. "கேக்க அவருக்கு உரிமை இருக்கு" என்றார் மெதுவாக. பட்ஜெட் திரும்பத் திறக்கப்பட்டது. உடனே ரஸ்ஸல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: பிள்ளைகளைக் கணவாய்க்கு அந்தப்பக்கம் அனுப்புவதற்கு மட்டும் போதுமான தொகை.

லுசெட் சமையலறைச் சுவரில் இருந்த தொலைபேசிக்குப் பாய்ந்தாள். "ஜோஸ்லின்! திரும்பி வா. உன் புருஷனையும் கூட்டிக்கிட்டு... சரி, அவர் மரம் வெட்டப் போயிருந்தா நீ மட்டும் வா. அந்தச் சாலையில எல்லார் வீட்டுக் கதவையும் தட்டு. ஓட்டைத் திரும்ப எடுக்கறாங்கடி!" அந்தப்பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "பிள்ளைங்களைத் தனியாவா விடுவே? கூட்டிக்கிட்டு வா" என்றாள். இன்னும் நாலைந்து வீடுகளுக்கும் சுழற்றினாள்.

பிறகு ஈரக்கையோடு கூடத்துக்கு வந்து நின்றாள். "தலைவரே, எனக்குக் கேள்வி இருக்கு."

ஒரு விஷயத்தில் ஒருவர் இரண்டு முறைதான் பேசலாம் என்பது எங்கள் விதி. அந்த இரண்டையும் இழுக்க முடிந்தவரை இழுத்தாள். பஸ்ஸுக்கு யார் டயர் மாற்றுவார்கள், குளிர்காலத்தில் யார் ஓட்டுவார்கள், வளைவில் மணல் யார் போடுவார்கள்? அவள் உட்கார்ந்ததும் கோரா டீச்சர் எழுந்தார். அவருக்குப் பிறகு நான். என்ன கேட்டேன் என்றே நினைவில்லை. ஜன்னல் கம்பளித்திரை பற்றியோ என்னவோ உளறினேன். கண்ணெல்லாம் வெளியேதான் இருந்தது. வாகன நிறுத்தம் தெரியவில்லை, வெள்ளையாக ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"ஹார்லன்" என்றாள் லுசெட், தன் இரண்டாவது முறையில், விதியை மறந்து நேராக அவரைப் பார்த்து. "என் பொண்ணை உங்களுக்குத் தெரியும். உங்க வீட்டுல ஆப்பிள் பொறுக்க வருவாளே."

"தலைவர் மூலமாப் பேசும்மா" என்றார் ஹார்லன். குரல் கனிவாகத்தான் இருந்தது. "நல்ல குழந்தை அது. நான் பிறந்த வீட்டையும் எனக்குத் தெரியும் லுசெட். அடுத்த வருஷ வரிக்கு அதை வித்தாகணும். எனக்கு வேற வழி சொல்லு, இப்பவே உட்கார்ந்துடறேன்."

லுசெட் மறுபடி ஜன்னலைப் பார்த்தாள்.

"பேசினது போதும், ஓட்டெடுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பேச்சை நிறுத்த மூன்றில் இரண்டு பங்கு கைகள் வேண்டும். பனிக்குப் பயந்த எங்கள் ஆட்கள் சிலருடைய கைகளும் சேர்ந்து எழுந்தன. பிறகு திருத்தத்துக்குக் கை தூக்கினார்கள். அமோஸ் இரண்டு முறை எண்ணினார். எங்கள் பக்கம் நான்கு கைகள் குறைந்தன.

"அடுத்ததை வாசிங்க அமோஸ்!" என்றார் ரஸ்ஸல்.

அமோஸ் லாரித் தீர்மானத்தை வாசித்தார். குரல் இறங்கிப்போயிருந்தது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்து, பனியோடு மார்க்கம் குடும்பம் உள்ளே வந்தது. பின்னாலேயே மற்றவர்கள், கோட்டும் பூட்ஸுமாக, மூச்சு வாங்க, கையைத் தூக்கத் தயாராக. நிலவரம் புரிந்ததும் ஒருவர் சத்தமாகத் திட்டினார். அமோஸ் அதற்குச் சுத்தியல் தட்டவில்லை.

லுசெட் திட்டவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே கதவு வரைக்கும் போனாள்.

"ஜோஸ்லின் எங்கே?"

"எங்களுக்கு முன்னாடி கிளம்பினாளே" என்றாள் மார்க்கம் வீட்டம்மா. "மேல வந்து எங்க கதவைத் தட்டிட்டு நிக்காமத் திரும்பினா. பனியில வழியில எதுவும் தெரியலை. இங்க இல்லையா?"

முதலில் எழுந்தவர் ஹார்லன். "என் வண்டி டயர்ல சங்கிலி கட்டியிருக்கு, வழுக்காது. வா" என்றார். நான் முதலுதவி அலமாரியிலிருந்த கம்பளிகளை அள்ளிக்கொண்டு பின்னால் ஏறினேன்.

சாலை மேலே ஏற ஏற, இருட்டும் பனியும் ஒன்றாகிவிட்டன. கண்ணாடி துடைப்பான்களின் சத்தம் மட்டும். லுசெட் முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். உச்சி வளைவுக்கு முன்னால் ஹார்லன் வண்டியை நிறுத்தினார். சாலையிலிருந்து ஒரு சக்கரத்தடம் நேராக ஓரத்துக்குப் போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

லுசெட் கதவைத் திறந்து ஓடினாள்.

கார் ஒரு பிர்ச் மரத்தில் பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. முன்சக்கரம் ஒன்று காற்றில் இருந்தது. ஜோஸ்லின் பிள்ளைகளைப் பின்னிருக்கையில் மரத்தின் பக்கமாக நெருக்கி உட்காரவைத்து, அசையாதே அசையாதே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் கம்மிப்போயிருந்தது. ஹார்லன் தன் வண்டியிலிருந்து இழுவைச் சங்கிலியை எடுத்துக் காரின் பின்புறத்தில் மாட்டி இறுக்கினார். பிறகு வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்து, கதவை நூல் நூலாகத் திறந்து, முதலில் மிரேயை, பிறகு பையனை, கடைசியில் ஜோஸ்லினை வெளியே எடுத்தார். அந்த வயதில் அவரால் அது முடியும் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கீறல்கூட இல்லை. ஜோஸ்லினின் நெற்றி மட்டும் வீங்கியிருந்தது.

"ஓட்டு முடிஞ்சுதா?" என்று கேட்டாள் அவள், பற்கள் கிடுகிடுக்க. லுசெட் தலையை மட்டும் ஆட்டினாள்.

எல்லோரும் வண்டிக்குள் அடைந்து உட்கார்ந்தோம். ஹார்லன் கையுறைகளைக் கழற்றி, ஹீட்டரில் விரல்களைச் சூடாக்கிக்கொண்டார். வெளிச்சம் விழுந்த இடத்தில் அந்த மரம் தெரிந்தது. அதற்கு அப்பால் வெளிச்சம் எதன்மேலும் விழவில்லை.

பிறகு அவர் சொன்னார்: "பஸ் கனமான வண்டி லுசெட். இந்த மாதிரி வழுக்காது."

கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்தேன். அதைச் சொன்னவரே நம்பவில்லை.

லுசெட் மடியில் இருந்த மிரேயின் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தாள். வண்டிக்குள் வெப்பம் நிறைந்திருந்தது. கழுத்து வரைக்கும் போட்டு முடித்தாள்.

"ம்மா, இறுக்குது" என்றாள் மிரேய்.

லுசெட் அந்தக் கடைசிப் பொத்தானை விரல்களில் பிடித்தபடியே இருந்தாள். ஹார்லன் வண்டியை மெதுவாகத் திருப்பினார்.