எண்பது எழுத்து வரி

அண்ணன் இறந்து ஒரு மாதம் ஆகியும் எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது. டிவி ரிப்பேர் கடையைத் திறந்தேன், மூடினேன். அவ்வளவுதான். அப்போதுதான் அண்ணி கடைக்கே வந்து, அண்ணன் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருப்பதைப் படிக்க வழி உண்டா என்று கேட்டார்.

ஹாலில் கலர் டிவியையே திரையாக மாட்டிய பழைய கம்ப்யூட்டர் அது. வரிக்கு நாற்பது எழுத்து என்றால் பளிச்சென்று தெரியும். அண்ணனோ எண்பதில்தான் அடிப்பார். எழுத்தெல்லாம் ஒல்லியாகி, ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசிந்து, எறும்பு செத்துக் கிடப்பதுபோல் இருக்கும். "கடையில பச்சை மானிட்டர் ஒண்ணு சும்மா கிடக்கு, கொண்டு வரட்டுமா?" என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை, "உன் வேலையைப் பாருடா" என்றார். மானிட்டர் மாட்டுவதுதானே என் வேலை? ரோஷத்தில் அதோடு விட்டுவிட்டேன்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்குமா தம்பி?" என்றார் அண்ணி.

அண்ணனுக்கு இன்னும் ஆறு மாதம்தான் என்று டாக்டர் எங்கள் இருவரிடம் மட்டும்தான் சொன்னார். அண்ணனிடம் அல்சர் என்றோம். அண்ணி ஆறு மாதமும் சிரித்த முகமாகவே நடமாடினார். அண்ணன் தெரியாமலே போய்ச் சேர்ந்தார் என்பதுதான் அண்ணிக்கு மிஞ்சிய ஒரே ஆறுதல்.

முதலில் நாற்பதுக்கு மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் பாதி திரைக்கு வெளியே போய்விட்டது. மறுநாள் மதியம் பச்சை மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். மாட்டியதும் கலர் கசியாமல் எழுத்தெல்லாம் பச்சையாக நிமிர்ந்து நின்றது. அந்த மெஷினில் தமிழ் வராது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். வாய்விட்டுப் படித்தால்தான் விளங்கும். அதனால் என்ன வருகிறது என்று தெரிவதற்கு முன்பே சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததை அப்புறம் எப்படி விழுங்குவது?

"டாக்டர் ரூம் கதவு சரியா சாத்தலை. எல்லாம் கேட்டுச்சு. இவ அல்சர்னு சொல்றா. சிரிச்சுக்கிட்டே சொல்றா. கெடுக்க மனசு வரலை, சரின்னுட்டேன்."

நான் நிறுத்தினேன். "படிங்க" என்றார் அண்ணி.

"இன்னிக்குப் பக்கத்துல உட்கார்ந்து துணி மடிச்சா. என்ன எழுதறீங்கன்னு கேட்டா. ஆபீஸ் லெட்டர்னேன். இந்த டிவியில நான் அடிக்கிறது எனக்கே தெரியலை, அவளுக்கு எங்க தெரியப்போகுது. தம்பி மானிட்டர் கொண்டு வரேங்கறான். அது வந்தா எழுத்து தெரிஞ்சு நான் அகப்பட்டுக்குவேன். திட்டிட்டேன். பாவம் அவன்."

அந்தப் பாவத்தையும் என் வாயாலேயே படித்தேன். அப்போதும் அழுகை வரவில்லை.

"பக்கத்துலயேதான் உட்கார்ந்திருந்தேன்" என்றார் அண்ணி. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பச்சை மானிட்டரைக் காட்டி, "இதைக் கழட்டிடுங்க தம்பி. டிவியிலயே மாட்டுங்க" என்றார்.

"அதுல ஒண்ணும் தெரியாதே அண்ணி."

"தெரிய வேணாம்."

மாட்டினேன். எழுத்துகள் மறுபடியும் சிவப்பும் நீலமுமாகக் கசிந்தன. அண்ணி தன் ஸ்டூலை அண்ணன் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையைப் பார்த்துக்கொண்டே துணி மடிக்க ஆரம்பித்தார்.