வண்டி உள்ள கீது

ரியா என்னை வீட்டை விட்டுத் துரத்தினாள். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று மூச்சு விடுகிறேன் என்பது குற்றச்சாட்டு.

“தலைக்கு மேல நிக்காத ஜஸ்டின். போய் ஸ்டாண்டுலேர்ந்து வண்டிய எடுத்துகினு வா.”

நேற்று மதியம் மழைக்குப் பயந்து ஸ்கூட்டரைப் பட்டாபிராம் ஸ்டேஷன் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வந்திருந்தாள். வண்டிக்கு ஒன்றும் அவசரமில்லை. அவசரமெல்லாம் நான்கு மணி ஆன்லைன் மீட்டிங்கில் இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனிக்கு டெஸ்டராக இருக்கிறாள். தற்காலிகம். இன்று மேனேஜர் சுலோசனா அவளை நிரந்தரமாக்குவார், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்.

கம்பெனி ஒரு மாத்திரை ஆப் செய்கிறது. வேளைக்கு மணி அடிக்கும். ‘சாப்பிட்டாச்சு’ என்று அழுத்தினால் நிற்கும். ரியாவின் போனில் ஒரே ஒரு முறை, அழுத்திய பிறகும் அதே மாத்திரைக்கு மறுபடி அடித்தது. மறதிக்காரர் யாராவது இரண்டாவதையும் விழுங்கிவிடுவார். அவள் அதை இன்னொரு போனில் வீடியோ எடுத்து, ஆப்பின் குறைகளைப் பதியும் தளத்தில் டிக்கெட் போட்டாள். ஆப்பை எழுதிய ஸ்ரீநாத் இன்று காலை ‘வீடியோ எதுவும் இல்லை, எனக்கு அப்படி வரவில்லை’ என்று எழுதி டிக்கெட்டை மூடினான். இவள் திறந்தாள். அவன் மூடினான். கம்பெனி முழுக்கப் பார்க்கிற பக்கம் அது. பார்க்கிறவர்களுக்கு இவள் கதை விடுகிறவள்.

வீடியோவை அனுப்பியது நான் எழுதிய ஸ்கிரிப்ட், ஒரு குட்டி நிரல். தளத்தைத் திறந்து பெரிய கோப்பை ஏற்றினால் எங்கள் வீட்டு நெட் பாதியில் படுத்துவிடும். அதனால் ஏபிஐ வழியாக, பக்கத்தைத் திறக்காமலே சர்வரிடம் நேராகக் கோப்பைக் கொடுக்கும்படி எழுதிக் கொடுத்தேன்; அறுந்தால் தானே மறுபடி முயலும். டெக் சப்போர்ட்டில் நைட் ஷிஃப்ட் வேலையை விட்டுவிட்டு வீட்டில் ரசம் வைக்கும் கணவனுக்கு இதெல்லாம் ஒரு கௌரவம். லேப்டாப்பில் அது ஓடும் கருப்பு விண்டோவில் ‘கிரியேட்டட்’ என்று பதில் வந்தது. ஏறிவிட்டது என்று நான்தான் சொன்னேன். அதை நம்பி, இடம் போதவில்லையென்று வீடியோவைப் போனிலிருந்து அழித்துவிட்டாள். டிக்கெட்டில் ஒன்றுமில்லை.

ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்ளும் பச்சையப்பன் கையை நீட்டினார்.

“டோக்கன்.”

“ரியாகிட்ட கீது அண்ணாத்தே. அதோ, அந்த செவப்பு வண்டி. உனக்குத் தெரியாதா?”

“வண்டி உள்ள கீது நைனா. நான் இல்லேன்னா சொன்னேன்? அது யாருதுன்னு டோக்கன்தான் சொல்லணும்.”

“என்னைத் தெனம் பாக்குற.”

“உன்ன எங்க பாக்குறேன்? அந்தப் பொண்ணத்தான் தெனம் பாக்குறேன். நீ தூங்கிகினு இருப்ப.”

ரியாவுக்குப் போன் செய்தேன். திட்டிக்கொண்டே டோக்கனைப் படமெடுத்து அனுப்பினாள். பச்சையப்பன் படத்தை உற்றுப் பார்த்தார்.

“நல்லா கீது. பிரேம் போட்டு ஊட்ல மாட்டு. அட்டைய கொணா.”

பதிலுக்கு ஏதோ கெட்ட வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் அவர் முதலில் சொன்னது உறைத்தது. வண்டி உள்ளேதான் இருக்கிறது.

“ரியா, வெச்சிடாத. சர்வர் பதில்ல கிரியேட்டடுக்கு அப்புறம் என்ன இருந்துது?”

“கன்னாபின்னான்னு நீளமா எழுத்து. நீதான் அதெல்லாம் தேவையில்லன்ன.”

“அந்த எழுத்துக்கு முன்னாடி என்னன்னு போட்டிருந்துச்சு?”

ஆவடி பக்கம் ஒரு ரயில் போய் முடிந்தது.

“டோக்கன்,” என்றாள். பிறகு, “டேய்.”

நைட் ஷிஃப்டில் கற்ற வியாதி. வேலை முடிந்ததாக ஒரு சொல் கண்ணில் பட்டால் போதும், அடுத்த ஆளுக்குப் போய்விடுவோம். மிச்சத்தைப் படிக்க மாட்டோம். சர்வர் கோப்பை வாங்கி உள்ளே நிறுத்திக்கொண்டு டோக்கன் கொடுத்திருக்கிறது. அதை டிக்கெட்டோடு சேர்த்து இன்னொரு முறை அனுப்பினால்தான் கோப்பு அந்த டிக்கெட்டுக்குச் சொந்தம். என் ஸ்கிரிப்ட் டோக்கனை வாங்கித் தெருவில் போட்டிருக்கிறது. கேட்டு வராத கோப்பைச் சர்வர் ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்காது.

அடுத்த கேள்வியைக் கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஸ்கிரிப்ட் அந்தப் பதிலை எங்கேயும் சேமிப்பதில்லை.

“நேத்து அந்தக் கருப்பு விண்டோவை மூடிட்டியா?”

“நான் எத மூடியிருக்கேன்? ஊறுகா பாட்டில்லேர்ந்து பீரோ வரைக்கும் நீதான பின்னாடியே மூடிகினு வர்ற.”

ஊறுகாய் பாட்டிலுக்காகப் போட்ட சண்டைகள் எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே வாபஸ் வாங்கினேன். அவளிடம் சொல்லவில்லை.

“மேல தள்ளிப் பாரு.”

“பாக்குறேன்... கீது. நேத்து சாயங்காலம் ஏத்துனது.”

“இரு, நான் வரேன்.”

“வேணாம். வந்தா பின்னாடி நின்னு மூச்சு விடுவ. சொல்லு, நானே அடிக்கிறேன்.”

சொன்னேன். இரண்டு மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்று, எந்த இடத்தில் டோக்கன், எந்த இடத்தில் டிக்கெட் எண் என்று சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். பச்சையப்பன், “ஓரமா நின்னு சொல்லு, வண்டி வருது” என்றார்.

“வந்துடுச்சி,” என்றாள் ரியா. சத்தமே இல்லாமல் சொன்னாள்.

நடந்தே வீட்டுக்குப் போனேன். மீட்டிங் தொடங்கியிருந்தது. சமையலறையில் நின்றுகொண்டேன். லேப்டாப்பில் வீடியோ ஓடுவது கேட்டது. மணி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அதன் பின்னாலேயே, வீடியோவில் பதிந்திருந்த என் குரல்: “ரியா, ரசத்துல உப்பு போட்டேனான்னு ஞாபகமில்ல. கொஞ்சம் வாயில வெச்சிப் பாரேன்.”



“அது யாரு?” என்றார் சுலோசனா.

“ஸ்கிரிப்ட் எழுதுனவர் மேடம்.”

“ரசம்?”

“அதுவும் அவருதான். ரெண்டுலயும் எதாவது ஒண்ண விட்டுடுவாரு.”

சிரிப்பு அடங்கிய பிறகு ஸ்ரீநாத் தொண்டையைக் கனைத்தான். “சாரி ரியா, இது என் பக்கத் தப்புதான். டிக்கெட்ட நானே திறந்துடறேன்” என்றான். திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்து நிரந்தர வேலைக்கான ஆர்டரை வாங்கிக்கொள்ளும்படி சுலோசனா சொன்னார். அடுப்பில் எதுவும் இல்லை. ஆனாலும் கரண்டியை எடுத்து ஒரு பாத்திரத்தைக் கிளறினேன்.

சாயங்காலம் இருவருமாக ஸ்டாண்டுக்குப் போனோம். ரியா அட்டையை நீட்டினாள். பச்சையப்பன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இது யாருது? இதுக்கு டோக்கன் கீதா?”

“தொலச்சிட்டேன் அண்ணாத்தே. நீயே வெச்சிக்க.”

சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். ஆனால் நான் பின்னால் ஏறி உட்காரும்வரை பிரேக்கை விடவில்லை.