முப்பத்தொன்பதாம் வருஷத்து ரூபாய்

செங்கல்பட்டு வட்டாரப் பிரிட்டிஷ் இந்திய நாணய ஆராய்ச்சிப் பேரவை என்று லெட்டர்பேடில் இரண்டு வரி வருகிற மாதிரி அச்சடித்திருந்தோம். ஆராய்ச்சியாளர்கள் மொத்தம் ஏழு பேர். அதில் இரண்டு பேர் மாதக் கூட்டத்துக்கு வந்தது போண்டாவுக்காக. தலைவர் கேசவன், அணு ஆராய்ச்சி ஆபீசில் ஸ்டோர்ஸ் சூப்பரின்டென்டென்ட். சதுரங்கப்பட்டினத்தில் சொந்த வீடு. துணைத்தலைவர் தனகோடி, ஓய்வுபெற்ற துணை தாசில்தார். நாணயத்தைக் கையில் வாங்கும்போதும் மனு வாங்குகிற முகம்தான். செயலாளர் நான், சரவணகுமார். செங்கல்பட்டில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தேன். ஊரில் கம்ப்யூட்டர் வந்த பிறகு எனக்கு ஆராய்ச்சிக்கு நிறைய நேரம் கிடைத்தது.

எங்கள் ஆராய்ச்சி எப்படிப்பட்டது என்றால், விக்டோரியா மகாராணியின் 1862 ரூபாயில் பின்பக்கம் புள்ளி இரண்டா மூன்றா என்ற விவாதத்தில் தலைவரும் துணைத்தலைவரும் ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை. செயலாளர் மூலமாகக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். இருவரும் எதிரெதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லோருக்கும் பொறாமை தந்தது தலைவரின் 1939 வெள்ளி ரூபாய். ஆறாம் ஜார்ஜ் தலை போட்டது. முப்பத்தெட்டு எங்கே தேடினாலும் கிடைக்கும். முப்பத்தொன்பது புழக்கத்துக்கு வந்தது அபூர்வம். தலைவர் அதை வருஷத்துக்கு ஒருமுறை ஆண்டுக் கூட்டத்தில் காட்டுவார். ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தபடி, மூன்றடி தூரத்திலிருந்து. லென்ஸ் கொண்டுபோனால் ஆல்பத்தை மூடிவிடுவார். 'இது ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது' என்பார்.

அதை வாங்கித் தந்தது அவர் மனைவி சியாமளா. திருமணமாகிப் பத்தாம் வருஷம், 1992-இல். பிள்ளைகள் இல்லாத வீடு. புருஷனுக்கு இருந்த ஒரே ஆசை அந்த முப்பத்தொன்பதுதான் என்று அவருக்குத் தெரியும். சீட்டு எடுத்த பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு மாமல்லபுரம் பஸ் ஏறி, கடற்கரைக் கோயில் போகிற வழியில் சங்கும் கல் யானையும் பழைய காசும் விற்கும் எல்லப்பனிடம் போய், 'முப்பத்தொம்பது இருக்கா?' என்று கேட்டிருக்கிறார். எல்லப்பன் நாலு நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறான். நாலு நாள் கழித்து இருந்தது.

தலைவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டார். மறுநாள் காலை என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு எல்லப்பன் கடைக்குப் போனார்.

"இன்னாடா இது? எட்டைச் சுரண்டி ஒம்பதாக்கிக்கிறே?"

எல்லப்பன் வெள்ளைக்காரருக்குக் கல் பிள்ளையாரைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னான்: "அண்ணாத்த, அக்கா ஒம்பதுதான் வோணும்னு ஒத்தக் காலுல நின்னுச்சு. நம்ம கையில எட்டுதான் இருந்துச்சு. நான் இன்னா பண்றது?"

"பணத்தைத் திருப்பிக் குடுடா."

"குடுத்துடறேன். அக்கா கேட்டா இன்னா சொல்லுவே? அதுக்குக் கண்ணு கலங்கும். பரவால்லியா?"

தலைவர் கொஞ்ச நேரம் கல் யானைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லப்பனிடம், "அந்தம்மா காதுல இது வுழுந்துச்சுன்னா உன் கடை இங்க இருக்காது" என்றார். என் பக்கம் திரும்பி, "உனக்கும்தான்" என்றார். எனக்குக் கடை இல்லை, ஆனாலும் பயந்தேன்.

அன்றிலிருந்து பத்து வருஷம் அந்த மனிதர் ஓர் எட்டை ஒன்பது என்று சாதித்தார். 1862 புள்ளிக்காக ஆறு மாதம் பேசாமல் இருந்தவர், தனகோடி ஜாடை மாடையாகக் கிண்டலடித்ததை எல்லாம் சிரித்தபடி வாங்கிக்கொண்டார். அவரிடம் இருந்த ஆடம்பரங்களில் நான் கேலி செய்யாத ஒன்று அதுதான்.

2003 ஜனவரியில் பேரவையின் பொங்கல் வெள்ளி நாணயக் கண்காட்சி. செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபம், மைக் செட், பொன்னாடை, சென்னையிலிருந்து ஒரு நாணய நிபுணர். கூட்டம் அறுபது பேர். பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்தவர்களைக் கழித்தால் பதினெட்டு. காபி பொறுப்பைச் சியாமளா எடுத்துக்கொண்டார். மண்டபத்தின் கடைசியில் டிரம் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

பொன்னாடை போர்த்திய உற்சாகத்தில் தலைவர் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். முப்பத்தொன்பதைக் கொண்டுவந்து நிபுணர் முன்னால் காட்டினார், வழக்கம்போல மூன்றடி தூரத்தில். நிபுணருக்கு மூன்றடி போதவில்லை. ஆல்பத்தை வாங்கி, காசை உருவி, லென்ஸைக் கண்ணில் வைத்து, மைக்குக்கு முன்னாலேயே சொன்னார்: "இது முப்பத்தெட்டு. எட்டோட கீழ் வளையத்துல இடது பக்கத்தை ஊசியால சுரண்டி எடுத்திருக்காங்க. சாதாரண டூரிஸ்ட் சரக்கு."

தனகோடி சிரித்தார். ரொம்ப நாள் சேர்த்து வைத்த சிரிப்பு. மண்டபம் சேர்ந்துகொண்டது.

தலைவர் மைக்கைப் பிடுங்கினார்.

"இது எனக்குத் தெரியாதா? பத்து வருஷமாத் தெரியும்! என் வீட்டுக்காரம்மா மகாபலிபுரத்துல ஏமாந்து வாங்கினு வந்தது. பொம்பளைங்களுக்கு ராஜா தலை எது, ராணி தலை எதுன்னு தெரியுமா? சரி, அவங்க மனசு நோவக் கூடாதேன்னுதான் வெச்சிருந்தேன்."

கைதட்டல். மனசு நோகக்கூடாது என்பதை நாலு ஸ்பீக்கரில் சொன்ன மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

நான் காபி டிரம் பக்கத்தில் நின்றிருந்தேன். சியாமளா கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே தலைவர் என்னை ஓரமாக இழுத்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "யோவ் சரவணா, நீ பின்னாலதானே இருந்தே. அவ காதுல வுழுந்துச்சா?"

"ஃபேன் சத்தம் தலைவரே. பின்னால ஒண்ணும் கேக்கல" என்றேன்.

நல்ல மனசோடுதான் சொன்னேன். பத்து வருஷம் அவர் சொன்ன பொய்க்கு நான் ஒரு நாள் துணை நின்றால் என்ன என்று நினைத்தேன். அதோடு, இந்த விவகாரத்தில் நடுவே மாட்டிக்கொள்ளவும் இஷ்டமில்லை.

அடுத்த மூன்று வாரமும் தினம் ஆபீசிலிருந்து போன் செய்தார். "நிஜமாவே கேட்டிருக்காதில்ல?" கேட்டிருக்காது என்பேன். "வூட்ல எப்பவும் போலத்தான் கீறா. கேட்டிருந்தா ரெண்டு வார்த்தை திட்டியிருப்பா. நானே சொல்லிடலாமான்னு பாக்கறேன். தப்புதான்னு கால்ல வுழுந்துடலாம்." எதற்கு வீணாகக் கிளறுகிறீர்கள் என்று தடுத்தேன். அவருக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதல் சொல்வதில் நான் கெட்டிக்காரன்.

பிப்ரவரி ஏழாம் தேதி காலை சியாமளா குழாயடியில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நாற்பத்தைந்து வயது.

பேரவை மொத்தமும் மாலையோடு சதுரங்கப்பட்டினம் போய்ச் சேர்ந்தோம். மாலையில் பேரவையின் பெயர் எழுதிய ரிப்பன்; இரண்டு வரி. கூடத்தில் சியாமளாவை மஞ்சள் பூசி, பட்டு உடுத்திக் கிடத்தியிருந்தார்கள். அவருடைய அண்ணி காசியம்மாள் எல்லாவற்றையும் முன்னின்று செய்துகொண்டிருந்தார். நெற்றியில் குங்குமத்துக்கு மேல் ஒரு ரூபாய் ஒட்டியிருந்தது. பெரியது. வெள்ளி. வருஷம் தெரிகிற பக்கம் மேலே.

முதலில் பார்த்தவர் தனகோடி. மாலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தவர் மறுபடி குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் குனிந்தார். பார்த்தவர்கள், துணை தாசில்தாருக்கு எவ்வளவு துக்கம் என்று நெகிழ்ந்துபோனார்கள். அடுத்து இன்னொருவர், அவருக்கும் அதே துக்கம். போண்டாவுக்கு வந்தவர்கள்கூட முழங்காலிட்டு முகத்தருகே போய் வந்தார்கள். "எட்டுதான்யா" என்று என் காதில் ஒரு குரல் வந்தது. நானும் குனிந்தேன். எட்டுதான். என்னை அங்கேயே செருப்பால் அடித்திருக்கலாம்.

தலைவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்த கண்ணால் நாங்கள் குனிவதை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அவரும் குனிந்தார். நிமிரவில்லை.

"இந்தக் காசு எங்க இருந்துச்சு?" என்றார்.

"இன்னா நைனா கேக்கறே?" என்றார் காசியம்மாள். "புதுக்காசு வெச்சேன், நிக்காம வழுக்கிகினே போச்சு. அவ குங்குமச் சிமிழைத் திறந்தேன், இது கீது. துணியில சுத்தி உள்ள வெச்சிருந்தா. சுமங்கலிக்கு வெள்ளிக் காசு இன்னும் நல்லதுதானே?"

"ஆல்பத்துலதானே இருந்துச்சு. பீரோவுல."

"அது இன்னாமோ எனக்குத் தெரியாது. சிமிழ்லதான் இருந்துச்சு."

கண்காட்சியிலிருந்து திரும்பிய அன்று ஆல்பத்தைத் தலைவர் சியாமளா கையில்தான் கொடுத்திருந்தார், பீரோவில் வைக்கச் சொல்லி. அதற்குப் பிறகு அவர் திறக்கவே இல்லை. சியாமளா தான் வாங்கியதைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார்.

தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஃபேன் சத்தம்னு சொன்னியே சரவணா."

நான் மறுபடி காசைப் பார்த்தேன்.

"மூணு வாரம்யா. மூணு வாரம் எனக்கு நேரம் இருந்துச்சு."

நாலு பேர் வந்து அவரைத் தாங்கிப் பிடித்தார்கள். அவர்களுக்கு அது மனைவியை இழந்தவனின் புலம்பல். எனக்கு மட்டும் அது என் பெயரில் வந்த கடிதம்.

சுடுகாட்டில் தீ மூட்டுவதற்கு முன்னால் வெட்டியான் வழக்கப்படி நெற்றிக் காசை எடுத்துக்கொண்டு தலைவரைப் பார்த்தான். "பழைய காசா கீதே சாமி. வோணும்னா இதை வெச்சிக்கினு வேற குடு." தலைவர் வேண்டாம் என்று தலையசைத்தார். தனகோடி அவன் பின்னாலேயே நாலடி போய், பர்சைத் திறந்து, ஏதோ பேரம் பேசினார். ஆராய்ச்சிக்காகத்தான்.

திரும்புகிற வேனில் தலைவர் என்னைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். மற்றவர்கள் முன்னால் இருந்தார்கள். சவுக்குத் தோப்பு தாண்டியதும் கேட்டார்.

"இப்ப சொல்லு. நான் மைக்குல பேசறப்ப அவ இன்னா பண்ணா?"

"தலைவரே, இப்ப எதுக்கு..."

"சொல்லுய்யா. நெஜத்தை."

சொன்னேன். காபி ஊற்றிக்கொண்டிருந்தவர் குழாயை மூடவில்லை. டம்ளர் நிரம்பிக் கையில் வழிந்தது. கையை எடுக்கவும் இல்லை. நான்தான் குழாயை மூடினேன். 'அண்ணா, அவருக்கு எப்பலேர்ந்து தெரியும்?' என்று கேட்டார். வாங்கின மறுநாளே தெரியும் என்றேன். 'பத்து வருஷமாவா' என்றார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த டம்ளரை எடுத்தார். அவ்வளவுதான்.

தலைவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கை?"

"வலது கை. கட்டை வெரல் பக்கம்."

"கொப்புளமா இருந்துச்சுய்யா" என்றார். "கேட்டேன். வாணலி சுட்டுடுச்சுன்னா. நான்தான் தெனம் மருந்து போட்டு வுட்டேன். தெனம். ஊதி ஊதிப் போட்டேன். பாத்துக்கினே உக்காந்திருந்தா."

வேன் ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியது. முன் சீட்டில் தனகோடி யாரிடமோ எட்டின் கீழ் வளையத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

"மறுபடி சொல்லு" என்றார் தலைவர். "குழாயை மூடலேன்னியே, அங்கேர்ந்து."

வீடு வந்து சேர்வதற்குள் நான்கு முறை சொன்னேன்.