திங்கட்கிழமை காலை ஆறு மணி

இருபதுக்குப் பதினொன்று. சிவப்பு மையில் எழுதி, வட்டம் போட்டு, வட்டத்துக்குக் கீழே கோடும் இழுத்திருந்தார்கள். பன்னிரண்டு வாங்கியிருந்தால் என் அக்கா மகள் தன் வகுப்பிலேயே இருந்திருப்பாள். ஒரு மார்க் குறைந்ததால் அவளைப் பின்னறைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

பின்னறை என்பது பிள்ளைகள் வைத்த பெயர். ஏட்டில் அதற்கு 'ஆதரவு வகுப்பு' என்று பெயர். சாமான் போட்டு வைக்கும் அறையைப் பாதியாகத் தடுத்து, ஆடும் பெஞ்சுகளைப் போட்டிருப்பார்கள். நான்காம் வகுப்பு நாற்பத்து மூன்று பேரில் கணக்கு வராது என்று முடிவு கட்டிய பதின்மூன்று பேர் கணக்கு நேரத்தில் அங்கே போய்விட வேண்டும். வாக்கியம் வந்தால் இந்தப் பிள்ளைகள் குழம்புகிறார்களாம். அதனால் அங்கே சொற்கணக்கே கிடையாது. வெறும் எண்ணைக் கொடுத்து, கூட்டு, கழி என்பார்கள். அங்கிருந்து வெளியே வர ஒரு தேர்வு எழுத வேண்டும். அது சொற்கணக்குத் தேர்வு. இதை யோசித்து வைத்த ஆளை ஒருமுறை நேரில் பார்க்க எனக்கு ஆசை.

அந்த அறையிலிருந்து யாரும் திரும்பி வந்ததில்லை. நானும் வந்ததில்லை. என்னுடையது வேறு பள்ளிக்கூடம், வேறு அறை, அதே ஆடும் பெஞ்ச். பதினைந்து வயதில் படிப்பை விட்டேன். இப்போது ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை. பெட்டி ஏற்றுகிறேன், பெட்டி இறக்குகிறேன். இதைச் சொல்லி யாரிடமும் பரிதாபம் வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அந்தப் பெஞ்சில் இன்னொருத்தி எங்கள் வீட்டிலிருந்து போய் உட்காருவதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

அவளை நான் குண்டூசி என்று கூப்பிடுவேன். ஒல்லி, ஆனால் குத்தும். அக்கா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். அத்தான் லாரியோடு போனால் பத்து நாள் கழித்துத்தான் முகம் காட்டுவார். அதனால் தேர்வுக்கு முந்தைய ஒரு மாதம், மாலை நாலு மணிக்கு நான் தூங்கி எழுந்ததும் சமையலறை மேஜைதான் எங்கள் வகுப்பு. ஐந்தரை மணிவரை நடக்கும்.

முதல் நாள் அவள் நோட்டின் அட்டையில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. பள்ளியில் கொடுத்தது. 'மொத்தம்' வந்தால் கூட்டல், 'மீதி' வந்தால் கழித்தல், 'அதிகம்' வந்தால் கூட்டல், 'ஒவ்வொரு' வந்தால் பெருக்கல். குண்டூசி கேள்வியைப் படிப்பதே இல்லை. கோழி மண்ணைக் கிளறுவதுபோல அந்தச் சொற்களைத் தேடுவாள். கிடைத்ததும் பக்கத்தில் இருக்கும் இரண்டு எண்களைப் பிடித்துக் கூட்டிவிடுவாள்.

அக்காவிடம் தங்கையைவிட எட்டுப் பாசிமணி அதிகம் இருக்கிறது, அக்காவிடம் இருப்பது இருபத்து மூன்று, தங்கையிடம் எத்தனை என்று ஒரு கேள்வி. முப்பத்தொன்று என்றாள்.

"அப்ப தங்கச்சிகிட்டதான் நிறைய இருக்கா?" என்றேன்.

"அதிகம்னு போட்டிருக்கே மாமா."

அந்தப் பட்டியலைக் கிழித்து அடுப்புக்குக் கீழே போட்டேன். வீட்டில் புது விதி வைத்தேன். எண்களைக் கட்டை விரலால் மூடிக்கொள்ள வேண்டும். மூடிவிட்டு, அங்கே யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது என்று எனக்குச் சொல்ல வேண்டும். யாரிடம் நிறைய, யாரிடம் கம்மி, எது போகிறது, எது வருகிறது. கதை புரிந்த பிறகுதான் விரலை எடுக்கலாம். முதல் வாரம் அழுதாள். இரண்டாவது வாரம் என்னோடு சண்டை போட்டாள். மூன்றாவது வாரத்தில் கேள்வியிலேயே குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தாள். ஒருவன் கடைக்குப் போய் எதற்கு அறுபது தர்பூசணி வாங்குகிறான், எப்படித் தூக்கிக்கொண்டு போவான் என்று கேட்டாள். சரி, கதைக்குள் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியும் பதினொன்று. விடைத்தாளை மேஜையில் விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏழாவது கேள்வி, இரண்டு மார்க். ஒரு காவலாளி திங்கட்கிழமை இரவு பத்து மணிக்கு வேலையைத் தொடங்கி, தொடர்ந்து எட்டு மணி நேரம் வேலை பார்த்தார். அவர் வேலையை முடித்தது எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? குண்டூசி எழுதியிருந்த விடை: திங்கட்கிழமை, காலை ஆறு மணி. அதன்மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. பூஜ்யம்.

அந்தத் தப்பை அவள் எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டு வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் என் வருகை அட்டை தொங்கும். அதில் ஒரு நாளுக்கு ஒரு வரி. திங்கள் இரவு உள்ளே போனால் திங்கள் வரியில் பத்து மணி. மறுநாள் காலை வெளியே வந்தால் அதே திங்கள் வரியில் ஆறு மணி. கிடங்கில் எல்லாருக்கும் அப்படித்தான். உள்ளே நுழைந்த கிழமை வெளியே வரும்வரை மாறாது. நேரக் கணக்கு சொல்லித்தர நான் எடுத்தது அந்த அட்டையைத்தான். ஒரு மாதமாக என் வேலை நேரத்தை அவள்தான் கூட்டிக் கொடுத்தாள். அவள் ஊகித்து எழுதவில்லை. நான் காட்டியதை எழுதியிருந்தாள்.

மறுநாள் காலை வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராகப் பள்ளிக்கூடம் போனேன். தடித்த மேல்சட்டை, கனமான பூட்ஸ், உடம்பெல்லாம் அட்டைப்பெட்டி வாடை. கணக்கு மிஸ் மேஜையில் நோட்டுகள் அவர் தாடை வரை அடுக்கியிருந்தன. வகுப்பிலிருந்து குண்டூசியை வரவழைத்து வாசலில் நிற்க வைத்தார்.

காலை ஆறு மணி என்பது சரியா தப்பா என்று கேட்டேன். சரிதான் என்றார். அப்படியானால் பாதிக்கு ஒரு மார்க் கொடுங்கள் என்றேன். கிழமையும் மணியும் இரண்டும் சரியாக இருந்தால்தான் மார்க், விடைக்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது என்றார். அட்டையைப் பற்றிச் சொன்னேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"சார், உலகத்துக்கு ஒரு காலண்டர்தான். உங்க வீட்டுக்குத் தனியா ஒண்ணு கிடையாது."

அத்தோடு எனக்குப் பொறுமை போயிற்று. காலண்டரை மாட்டி வைத்துக்கொண்டு ராத்திரி தூங்குகிறவர்கள் எழுதிய கேள்வி இது என்று கத்தினேன். விடைத்தாளை யாராவது படித்தார்களா, குறிப்பைப் பார்த்துக் கோடு மட்டும் இழுத்தார்களா என்று கத்தினேன். மேஜையையும் தட்டினேன். மேலிருந்த நாலைந்து நோட்டுகள் சரிந்து கீழே விழுந்தன. பியூன் எட்டிப் பார்த்தார். மிஸ் அவரைக் கையமர்த்திவிட்டுக் குண்டூசியிடம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா. ஏன் திங்கள்னு எழுதின?"

அவள் என் பூட்ஸைப் பார்த்தாள். கீழே கிடந்த நோட்டுகளைப் பார்த்தாள். குனிந்து அவற்றைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"பார்த்தீங்களா? அவளுக்கே தெரியலை."

அன்று முதல் அவள் பின்னறைக்குப் போனாள்.

அக்கா விஷயம் கேட்டுவிட்டு, "நீ பேசாம வீட்டுக்கு வந்து தூங்கியிருக்கலாம்டா" என்றாள். குண்டூசி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நாலு மணிக்கு மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு ஏன்னு தெரியும். நீங்க கத்தாம இருந்திருந்தா சொல்லியிருப்பேன்."

கிடங்கில் மேற்பார்வையாளன் என்னைக் கேட்காத கேள்வி கிடையாது, எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பேன். ஒன்பது வயதுப் பெண் வாயை அடைத்துவிட்டாள். அந்த ஒரு மார்க் அன்றைக்கே கிடைத்திருக்கலாம். அதை நான் மேஜையில் தட்டி உடைத்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து அவள் நோட்டில் மிஸ் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். 'தேவையில்லாதவற்றை எழுதுகிறாள். கண்டிக்கவும். பெற்றோர் கையெழுத்துடன் நேரில் வரவும்.' அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. மறுபடியும் நான்தான். வழி நெடுக, கத்தக் கூடாது, கத்தக் கூடாது என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். பள்ளிக்கூட வாசலில் ஒரு மரத்தடியில் நின்று நோட்டை முழுக்கப் படித்தேன்.

பின்னறையில் கொடுத்த வெறும் எண் கணக்குகள், திருத்துவது அதே மிஸ்தான். அவற்றைச் செய்து முடித்த பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கதை எழுதியிருந்தாள். முந்நூற்று நாற்பத்தேழிலிருந்து நூற்று எண்பத்தொன்பதைக் கழிக்கச் சொன்னால், 'கிடங்கில் 347 பெட்டி. மாமா 189 பெட்டி ஏற்றிவிட்டார். இடுப்பு வலி. இன்னும் எத்தனை பெட்டி ஏற்ற வேண்டும்?' ஆறையும் பதினாலையும் பெருக்கச் சொன்னால், 'அம்மா ஒரு மணி நேரத்தில் 14 சட்டை தேய்ப்பாள். ஆறு மணி நேரம் கரண்ட் போகவில்லை. எத்தனை சட்டை?' இப்படியே பக்கம் பக்கமாக.

மிஸ் நோட்டை வாங்கி ஒரு பக்கத்தைப் பிரித்து என் பக்கம் திருப்பினார். "இதைப் படிங்க. மரியாதை இருக்கா இதுல?"

நாற்பத்து மூன்றிலிருந்து பதினைந்தைக் கழிக்கச் சொன்ன கணக்கு. பக்கத்தில் இருந்தது: 'ஒரு மிஸ்ஸிடம் 43 விடைத்தாள். 15 தாளைப் படித்துத் திருத்தினார். மற்றதைப் படிக்காமல் திருத்தினார். படிக்காமல் திருத்தியது எத்தனை?' விடை இருபத்தெட்டு. அதற்கு நேராக மிஸ் சிவப்பில் சரி போட்டிருந்தார். சரி போட்ட பிறகுதான் படித்திருக்க வேண்டும்.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். கைகளை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

"சொற்கணக்கு வரலைன்னுதானே இவளை அங்க போட்டீங்க?"

"ஆமா."

"நாப்பத்தாறு இருக்கு இந்த நோட்டுல. வெளிய நின்னு எண்ணிட்டுத்தான் வந்தேன். எல்லாத்துக்கும் நீங்களே சரி போட்டிருக்கீங்க. நான் கையெழுத்துப் போடுறேன் மிஸ். அதுக்குப் பக்கத்துல நீங்க ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்க. இந்தப் பொண்ணுக்குச் சொற்கணக்கு தெரியாதுன்னு."

பேனாவை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. கத்துவதைவிட இது கஷ்டமாக இருந்தது.

அவர் பேனாவைத் தொடவில்லை. நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். இந்த முறை நிஜமாகவே படித்தார், கண் வரிகளில் நகர்ந்தது. பெட்டிக் கணக்கில் கொஞ்சம் நின்றார். பிறகு பியூனை அனுப்பிக் குண்டூசியைக் கூப்பிட்டார். பழைய கேள்வியையே கேட்டார், ஏன் திங்கள் என்று.

குண்டூசி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"மாமா கார்டுல கிழமை மாறாது மிஸ். உள்ள போன கிழமைதான் வெளிய வர்ற வரைக்கும். காலண்டர்ல அது செவ்வாய், அதுவும் எனக்குத் தெரியும். காவலாளிக்கும் கார்டு இருக்கும்ல? எதைப் பார்த்துச் சொல்லணும்னு கேள்வியில இல்லை."

மிஸ் மூடியைப் பேனாவில் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார்.

"மார்க்கை மாத்த முடியாது. ஏட்டுல ஏத்தியாச்சு" என்றார். "வெள்ளிக்கிழமை தனியா ஒரு பேப்பர் வைக்கிறேன். வேற கேள்வி. பாஸானா வகுப்புக்குத் திரும்பிடலாம்."

மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை இருபதுக்குப் பதினேழு வாங்கினாள். திங்கட்கிழமை, காலண்டர்படியே திங்கட்கிழமை, தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். அக்கா அன்று சீக்கிரம் வந்து அவள் தலையில் நன்றாக எண்ணெய் வைத்துவிட்டாள். நான் சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், இல்லை. பதின்மூன்றில் ஒன்று போனால் பன்னிரண்டு. அவர்களுக்காக மேஜை தட்ட யாரும் போகவில்லை. அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது, இறங்கவில்லை.

நாலு மணிக்கு மேஜையில் உட்கார்ந்து அந்தக் கதை நோட்டைக் கேட்டேன். இன்னொரு முறை படிக்கலாம் என்று.

"பின்னறையிலேயே வெச்சிட்டு வந்துட்டேன்" என்றாள்.

"மறந்துட்டியா?"

"இல்லை. என் பக்கத்துல உட்கார்ந்திருந்தவ கேட்டா. கட்டை விரலால மூடிக்கிட்டுப் படிக்கணும்னு சொல்லிக் கொடுத்திருக்கேன்." விரலில் இருந்த பென்சில் கரியைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குப் புது நோட்டு வேணும் மாமா. பெருசா."