வாப்பாவின் இரத்தம்

முள்ளியவளையில் பலசரக்குக் கடை வைத்திருந்த றவூப், மகள் சபூறாவின் முகம் வெளிறியிருப்பதற்கு அவள் ஒழுங்காகச் சாப்பிடாததுதான் காரணம் என்று நம்பினார். இரண்டு வருசமாக ஈரலும் இரும்புச்சத்து மருந்தும் கொடுத்தும் பலனில்லை.

1965இல் கலியாணப் பேச்சு வந்தபோது அவளையும் மனைவியையும் வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டொக்டர் தாய், தகப்பன், மகள் மூவரின் இரத்தத்தையும் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். மூன்று கிழமையில் முடிவு வந்தது.

"இது சாப்பாட்டுக் குறை இல்லை. பிறவியிலேயே இவவின்ர சிவப்பணுக்கள் சின்னனாத்தான் உருவாகுது. பயப்பட ஒண்டுமில்லை. மருந்தை நிப்பாட்டுங்கோ," என்றார் டொக்டர்.

"ஆரிட்டயிருந்து வந்தது?" என்று கேட்டபடி றவூப் மனைவியைப் பார்த்தார்.

"உங்களிட்டயிருந்துதான்," என்றார் டொக்டர்.

நெல்மூட்டையைத் தனியே தூக்குகிற மனிதர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சபூறா முக்காட்டால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"மாப்பிள்ளைக்கும் இது இருந்தா, பிறக்கிற பிள்ளைக்குக் கடுமையான இரத்தசோகை வருத்தம் வரலாம். முதல்ல அவரைச் சோதிக்கவேணும்," என்றார் டொக்டர்.

மாப்பிள்ளை ஜெமீல் மல்லாவியில் சைக்கிள் திருத்துகிறவன். றவூப் அடுத்த நாளே அவனிடம் போய் எதையும் மறைக்காமல் சொன்னார்.

"வவுனியா பஸ் எத்தினை மணிக்கு, மாமா?" என்று மட்டும் கேட்டான் ஜெமீல்.

அவனுக்கு அந்தக் குறை இல்லை என்று கடிதம் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு முள்ளியவளைக்குச் சைக்கிளிலேயே வந்துவிட்டான். றவூப் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க, கதவுக்குப் பின்னாலிருந்து சபூறாவின் கை நீண்டு கடிதத்தை வாங்கிக்கொண்டது.