கட்டில் காலடியில் முந்தானை

1

இந்தக் கதை ஒரு டெண்டர் விளம்பரத்தில் தொடங்கியது. கடலூர் பஸ் ஸ்டாண்டில் வடை மடித்துக் கொடுத்த தாள். 'குற்றம் நடந்த இடங்களைப் பதிவு செய்ய லேசர் ஸ்கேனர் தேவை.' வடை தீருவதற்குள் எனக்கு ஒரு கொலை கிடைத்துவிட்டது. வாரத் தொடர் எழுதுகிறவனுக்கு இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று அப்போது நினைத்தேன்.

2

மழையும் இடியுமாக ஒரு தொடக்கம் எழுதி அடித்துவிட்டேன். நடந்தது நல்ல வெயிலில்.

சிதம்பரம் சப்-இன்ஸ்பெக்டர் கயல்விழி குமராட்சிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போகிறாள். இலக்கியா என்ற பெண் செத்துக் கிடக்கிறாள். மருந்து குடித்துவிட்டுப் படுத்துவிட்டாள் என்கிறான் புருஷன். மாவட்ட நிர்வாகம் வாங்கிக் கொடுத்த ஸ்கேனருக்கு இதுதான் முதல் வேலை. அதை இயக்கத் தெரிந்தவள் கயல்விழி மட்டும். மெஷின் இருக்கிறதே என்று போட்டோகிராஃபரைக் கூப்பிடவில்லை.

ஜீப்பிலேயே டிரைவர் அய்யனார் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்.

"கண்ணாடியில வெச்சுடாத மச்சான்," என்றார் ஏட்டு அப்துல் ஹக். "அப்பறம் எல்லாப் பொணமும் பொட்டோடதான் தெரியும்."

[இந்த ஹக்கின் மேல் எனக்குச் சந்தேகம். உங்களைச் சிரிக்கவைக்கத்தான் கொண்டுவந்தேனோ? இருக்கட்டும். அடுத்த அறையில் சிரிக்க ஒன்றுமில்லை.]

3

அறை நடுவில் வைத்தால் மெஷின் சுழன்று எல்லாவற்றையும் அப்படியே பதிவு செய்யும். சுழலும்போது உள்ளே யாரும் இருக்கக்கூடாது. அதற்கு முன் எதையும் தொடக்கூடாது. பயிற்சியில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

கயல்விழி தனியாக உள்ளே போனாள். இலக்கியா தரையில் கிடந்த விதம்

[இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.]

வாசலில் இலக்கியாவின் அம்மா பட்டம்மாள். "ஆம்பளைங்க வர்றாங்கம்மா. அவ துணிய கொஞ்சம் இழுத்து உடுங்க."

கயல்விழி குனிந்தாள். புடவையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டாள். முந்தானை வரவில்லை. அதன் மேல் கட்டில் கால் நின்றது. கட்டிலைச் சற்றுத் தூக்கி, உருவி, மார்பில் போர்த்தினாள். பிறகு பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்தாள்.

பட்டம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்பொண்ணு மானத்த காப்பாத்துன தாயி."

4

கடலூரில் கூட்டம். பெரிய திரையில் அந்த அறை. விரலால் திருப்பினால் சுவர் திரும்பியது, கட்டில் திரும்பியது, இலக்கியா திரும்பினாள். அதிகாரிகள் கை தட்டினார்கள்.

"எவ்ளோ ஒழுங்கா படுத்திருக்கு பாருங்க," என்றார் ஒருவர். "இழுபறியே இல்ல. புருஷன் சொல்றது நெசம்தான் போல."

அப்போதுதான் கயல்விழிக்கு உறைத்தது. விழுந்து கிடந்தவளின் முந்தானை மேல் கட்டில் கால் எப்படி ஏறும்? அவள் விழுந்தபின் யாரோ கட்டிலைத் தள்ளியிருக்கிறார்கள். அதைச் சொல்ல அந்த அறையில் இருந்த ஒரே சாட்சியை அவளே உருவிப் போர்த்திவிட்டாள்.

எழுந்து சொல்லியிருக்கலாம். மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். தலை குனிந்து வாங்கிக்கொண்டாள். அடக்கமான பொண்ணு என்றார்கள்.

[என் வெட்கம் இங்கே வருகிறது. மூன்றாம் பகுதியின் முதல் பிரதியில் இலக்கியா கிடந்ததை ஒரு பக்கம் வர்ணித்திருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. கயல்விழி மூடியதை விலக்கி, வாரா வாரம் படிக்கிற உங்களுக்குக் காட்டியிருந்தேன்.]

5

சிதம்பரம் கோர்ட். பட்டம்மாள் விடாமல் மனு போட்டு அலைந்ததில் புருஷன் மேல் கொலை வழக்கு. சாட்சிக் கூண்டில் கயல்விழி.

"நீங்க ஸ்கேன் பண்றப்போ அந்த ரூம் இருந்தபடியே இருந்துச்சா?" என்று கேட்கிறார் புருஷனின் வக்கீல்.

ஒரு முடிவு: "ஆமாம்." மெஷினுக்குக் கெட்ட பேர் இல்லை, அவளுக்கும் இல்லை. புருஷன் பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறான்.

இன்னொரு முடிவு: "இல்லை." வேலை போகலாம். அதைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். எப்படி இல்லை, முதலில் எப்படிக் கிடந்தாள் என்று அடுத்து கேட்பார்கள். மூடியதை இத்தனை ஆண்களுக்கு நடுவே, பெற்றவள் காதுபட, சொல்லால் திறக்க வேண்டும். அப்படியும் நம்புவார்களா? மெஷின் பொய் சொல்லாது என்று ஸ்கேன் அறிக்கையில் அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

மூன்றாவதாக, ஹக் ஓடிவந்து புதிய சாட்சியம்

[வேண்டாம். அது தொடர்கதைப் புத்தி.]

பெஞ்சில் பட்டம்மாள் கயல்விழியைப் பார்த்துக் கும்பிடுகிறாள். கயல்விழி வாயைத் திறக்கிறாள்.

[                    ]

ஒரு சொல்லுக்குத்தான் இடம் விட்டிருக்கிறேன். நீங்களே எழுதுங்கள். நான் எதையும் தொடாமல் வெளியே போகிறேன். சுழலும்போது உள்ளே யாரும் இருக்கக்கூடாது.