இருபது டிகிரி

ஏப்ரல் 8, காலை பத்தேகால். தொழில்நுட்பக் கல்லூரியின் அளவியல் கூடத்துக்கு, கார் உதிரிபாகத் தொழிற்சாலையிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே பத்து அலுமினிய வளையங்கள். எல்லாம் அங்கே தரச் சோதனையில் தேறியவை. கல்லூரி எடுக்கும் அளவு தொழிற்சாலையின் அளவோடு பொருந்தினால், பன்னிரண்டு மாணவர்களுக்கு இறுதியாண்டு முழுக்க அங்கேயே படிப்பு. பொருந்தாவிட்டால் அந்த இடங்கள் வேறு கல்லூரிக்குப் போகும்.

கூடத்தின் பொறுப்பாசிரியை மாலைக்குள் மூன்று முறை அளந்துவிட்டாள். பத்துமே வரம்பை மீறிப் பெரிதாக வந்தன. தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு அதிகம். எஃகுக் கருவியான மைக்ரோமீட்டர் மீது சந்தேகம் வந்து, அளவு உறுதியான எஃகு அளவுக்கட்டையை வைத்துப் பார்த்தாள். பிசகாமல் காட்டியது. எஃகிடம் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும் கருவி அலுமினியத்திடம் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது? இடங்கள் போய்விடுமே என்ற பயத்தைவிட இந்தக் கேள்விதான் அவளை வீடு வரை துரத்தியது.

வீட்டில், அதே தொழிற்சாலையில் தரம் பார்க்கும் கொழுந்தன் சிரித்தான்.

“நம்பரை நான் சொல்றேன் அண்ணி. எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இருங்களேன்.”

“வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு.”

“சமையல்ல உப்பு சரியான்னு மட்டும் என்னைக் கேப்பீங்க.”

மறுநாள் வெயில் ஏறுமுன் போய் அளந்தாள். பிசகு பாதியாகியிருந்தது. மதியம் பழையபடி முழுசாக வந்தது. சுவரிலிருந்த வெப்பமானியில் முப்பத்திரண்டு டிகிரி. வளையத்தின் வரைபடத்தை விரித்தாள். மூலையில் பொடி எழுத்தில், அளவுகள் இருபது டிகிரிக்கு என்றிருந்தது. சூட்டில் எஃகைவிட அலுமினியம் இரண்டு மடங்கு விரியும் என்று பத்து வருடமாகக் கரும்பலகையில் எழுதி வருபவள் அவள்தான். தலையில் அடித்துக்கொண்டாள்.

கல்லூரியில் ஏசி இருந்தது முதல்வர் அறையில் மட்டும். அதை இருபதில் வைத்துவிட்டு, வளையங்களையும் கருவியையும் அவருடைய சோபாவில் பரப்பினாள்.

“வர்றவங்களை எங்கம்மா உக்கார வைக்கிறது?”

“யாரையும் விடாதீங்க சார். ரிமோட்டையும் தொடாதீங்க.”

“கேட்டா என்ன சொல்ல?”

“வளையம் தூங்குதுன்னு சொல்லுங்க.”

நாலு மணி நேரம் கழித்து அளந்தபோது பத்தும் வரம்புக்குள் நின்றன. தொழிற்சாலையின் படிவத்தில் ‘அளந்த இடம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா தயங்கியது. முதல்வர் எட்டிப் பார்த்தார்.

“அளவியல் கூடம்னே போடும்மா. யாரு வந்து பாக்கப் போறா?”

“நாளைக்கு நம்ம பசங்க அங்க போய் இப்படி எழுதினா, சார்?”

அவள் ‘முதல்வர் அறை’ என்று எழுதினாள்.

எட்டாம் நாள் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. அளவுகள் பொருந்துகின்றன. ஆனால் மாணவர்கள் பழகும் கூடம் தகுதியானதல்ல. ஒரு மாதத்துக்குள் இருபது டிகிரியில் ஒரு கூடம் அமைத்தால் பன்னிரண்டு இடங்களும் உண்டு.

வெள்ளிக்கிழமை மதியம் நான்கு பேர் ஏசி அறையிலிருந்து முதல்வரின் மேசையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். பழைய கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே போட்டார்கள்.